அக்கன் கொடுத்தவை



நீளமான பதிவு இது. அவசரமாக இருந்தால் வைத்துவிட்டு, இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள். குறிப்பாக நம் குடும்பத்தார் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு தவறைத் திருத்த வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் என் அக்காவுடன் மூன்று நாள் கோயில் பயணம் போய்வந்தேன். அக்காவுக்கு வயது 81, எனக்கு 75. பேரன் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது, திருப்பாம்புரத்துக்குப் போய் ராகு கேதுவுக்கு விளக்குப் போட்டால் நல்லது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ கூட வாடா தம்பி, வழியில கல்லைப் பார்த்துக்கினு இரு, நான் சாமியைப் பார்க்கிறேன்" என்றார். வண்டி ஓட்டி வந்தவன் என் பழைய மாணவன்தான். ஆக, காருக்குள்ளேயே எனக்கு ஒரு வகுப்பறை கிடைத்துவிட்டது.

செய்யாற்றுப் பக்கம் என்பதால் முதலில் பிரம்மதேசம் போனோம். பெரிய கூட்டம் வருகிற கோயில் இல்லை. சந்திரமௌலீசுவரர் கோயிலில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கங்கையும் கடாரமும் கொண்ட முதலாம் ராஜேந்திர சோழன் 1044இல் இந்த ஊரில்தான் இறந்தான். அப்போது அவன் தேவியரில் ஒருவரான வீரமாதேவி உடன்கட்டை ஏறினார். அந்த அம்மையாரின் உடன்பிறந்தவன் சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான். இறந்தவர்களின் தாகம் தீர இங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைக்க அவன் ஏற்பாடு செய்தான். கல்வெட்டு தரும் செய்தி இவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் ராஜேந்திரனைப் பற்றி உங்களுக்கு எத்தனை நாள் பாடம் எடுத்திருப்பேன்! படையெடுப்பு, கப்பற்படை, தலைநகரம் என்று கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். இந்தத் தண்ணீர்ப் பந்தலை ஒரு தடவையும் சொன்னதில்லை.

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நெருப்புல போனவளுக்குத் தாகமா இருக்கும்னு அவனுக்குத் தோணியிருக்கு பாரு. கூடப் பொறந்தவனாச்சே. ஆனா அவ போறதுக்கு முன்னாடி யாராவது அவளை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார்.

கல்லில் அதற்குப் பதில் கிடையாது. கல்வெட்டு என்பது பெரும்பாலும் கணக்கு. யார், எவ்வளவு நிலம், எத்தனை ஆடு, எத்தனை விளக்கு என்பதைச் சொல்லும். மனதில் என்ன இருந்தது என்று சொல்லாது. அப்படி இருந்தும் அந்தக் கணக்குக்குள்ளிருந்து சில சமயம் ஒரு மூச்சு வெளியே வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர்ப் பந்தல் அப்படிப்பட்டது.

விருத்தாசலத்தில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் கோனேரிராஜபுரம் போனோம். பழைய பெயர் திருநல்லம். பெரிய நடராசரைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவார்கள். நான் தென்புறச் சுவருக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். அங்கே சின்னதாக ஒரு சிற்பம். ஒருவர் சிவலிங்கத்தை வணங்குகிறார். அவர்தான் கண்டராதித்த சோழர். இந்தக் கோயிலைக் கல்லால் கட்டியவர் அவருடைய மனைவி செம்பியன் மாதேவியார். 957 வாக்கில் கணவரை இழந்தவர். ஐம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கைம்பெண்ணாகவே வாழ்ந்து, செங்கல்லாக இருந்த கோயில்களை ஊர் ஊராகக் கற்றளியாக மாற்றினார். முந்தின இரவு நாங்கள் தங்கிய விருத்தாசலத்திலும் அவர் திருப்பணி உண்டு. இந்தக் கோயிலை அவர் தன் பெயரில் கட்டவில்லை, கணவர் பெயரில் கட்டினார்.

"கட்டினது அவ. கையைக் கூப்பி நிக்கிறது அவரா?" என்று அக்கா கேட்க, வண்டி ஓட்டி வந்த மாணவன் சிரித்துவிட்டான்.

கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. இன்றும் ஓதுவார்கள் பாடுகிறார்கள். மாதேவியார் பாடியதாக ஒரு வரியும் நம்மிடம் இல்லை. கல்வெட்டுகளில் அவரை அடையாளம் சொல்லும்போதும் கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனைத் திருவயிற்றில் பெற்றவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். திருக்கோடிகாவல் கோயிலைப் புதிதாகக் கட்டியபோது, பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். பழைய கல்லோடு பழைய தர்மமும் போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். யார் யாரோ கொடுத்த விளக்கையும் நிலத்தையும் காப்பாற்றிக் கொடுத்த அந்த அம்மையாரின் குரல் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

பெண்கள் குரலே இல்லை என்று நான் சொல்லவில்லை. காரைக்கால் அம்மையார் இருக்கிறார், ஆண்டாள் இருக்கிறார். ஆனால் அறுபத்துமூவரில் பெண்கள் மூன்று பேர். அந்த மூவரில் பாட்டு கிடைத்திருப்பது அம்மையார் ஒருவருக்குத்தான். பன்னிரு ஆழ்வார்களில் ஒரே ஒருவர் பெண். பக்தி செய்த பெண்கள் இவ்வளவு பேர்தானா? கோயிலுக்கு அன்றும் இன்றும் அதிகமாக நடந்தவர்கள் யார் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள்.

அங்கிருந்து திருப்பாம்புரம் பக்கம்தான். அக்கா விளக்குப் போட்டார், பேரன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். எல்லாம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். வேண்டுதலுக்காக வந்த இடத்தில் துக்கத்தைச் சொல்லலாமா? அக்காவே, "இங்க இன்னா எழுதி வச்சிருக்கான்?" என்று கேட்டதால் சொன்னேன்.

1201ஆம் ஆண்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலம். பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்கிறது. ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் பட்டினியில் சாகாமல் இருக்க, தங்களை இந்தக் கோயிலுக்கே அடிமைகளாக விற்றுக்கொள்கிறார்கள். விலை 110 காசு. இதை இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நூத்திப்பத்து மூணு முந்நூத்தி முப்பது நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னண்டு குறுணி ஒரு கலம். அப்போ ஒரு கலத்துக்குத் தொண்ணூத்தாறு நாழி. மூணு பேருக்கும் சேர்த்து மூணரைக் கலம்கூட வரலையேடா. ஆளுக்கு ஒரு கலத்துக்குக் கொஞ்சம் மேல."

நான் திகைத்துப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் குறிப்பை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒரு மனுஷிக்கு எத்தனை படி நெல் என்று வகுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் அக்காவுக்குத் தோன்றியது. பேனா இல்லை, தாள் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே போட்டார்.

"அக்கா, உனக்கு எட்டாவதுல கணக்குல எவ்வளவு மார்க்?" என்று சும்மாதான் கேட்டேன்.

"தொண்ணூத்தெட்டு" என்றார். யோசிக்கவே இல்லை.

உறவுகளே, நான் திருத்த வேண்டிய தவறு இங்கேதான் இருக்கிறது. நம் குடும்பத்தில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. "பெரியவளுக்குப் படிப்பு ஏறலை, அதனால் எட்டாவதோடு நிறுத்திட்டோம், சின்னவன் கெட்டிக்காரன், வாத்தியார் ஆயிட்டான்" என்று அப்பா சொல்வார், பெரியப்பா சொல்வார், நானும் கல்யாண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அக்கா பக்கத்தில் நிற்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விடுவார்.

அன்று பிராகாரத்தில், அறுபத்தெட்டு வருஷம் கழித்து, முதல் முறையாகக் கேட்டேன்: "அக்கா, ஏன் நின்னே? அப்போ நீ இன்னா சொன்னே?"

"என்னை யாரு கேட்டாங்க? அம்மாவுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு தேறலை. நீ ரெண்டாவது படிக்கிற. உன்னைக் குளிப்பாட்டி அனுப்ப ஆள் வேணும். ஒரு நாள் காலையில அப்பா, 'இனிமே நீ போக வேணாம்'னு சொன்னாரு. அவ்வளவுதான்."

"நீ அழலையா?"

"அழுறதுக்கு எங்க நேரம்? ஒண்ணு மட்டும் செஞ்சேன். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க கண்ணுல படக் கூடாதுன்னு ஒரு வருஷம் கொல்லை வழியாவே தண்ணி எடுக்கப் போனேன். சுத்து வழி. குடம் கனக்கும்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தஞ்சாவூர். பெரிய கோயிலை நான் பார்க்காத நாளில்லை. அன்று இரண்டே இடங்களுக்குத்தான் போனேன். ஒன்று, வடபுறத் திருச்சுற்றின் வெளிச்சுவர். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் விவரம் உண்டு. எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் நக்கன் என்று வரும். சேரமங்கை, சோழகுலசுந்தரி, ஏகவீரி, எடுத்தபாதம், தில்லையழகி, பரவை என்று பெயர்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால், தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம் என்ற விதியும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் விரும்பி வந்தார்களா, ஊரை நினைத்து ஏங்கினார்களா, கல்லில் இல்லை. ஆனாலும் பெயராவது இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு ஒருவன் வந்து கூப்பிட முடிகிறது. அக்கா கேட்கக் கேட்க, எனக்கு நினைவிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நூறு கலம்" என்று அவர் தலையை ஆட்டினார். முந்தின நாள் கணக்கு அவருக்கு மறக்கவில்லை என்று தெரிந்தது.

இன்னொன்று, விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள முதல் கல்வெட்டு. தன் 26ஆம் ஆட்சியாண்டில் ராஜராஜன் இட்ட ஆணை. இந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்கிறான். தனக்கு அடுத்து அவன் சொல்வது தன் தேவியரை அல்ல. அக்கனை. அக்கன் கொடுத்தவற்றையும், பிறகு தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றவர் கொடுத்தவற்றையும் வெட்டுக என்கிறான். அந்த அக்கன் குந்தவைப் பிராட்டியார். தஞ்சையில் தன் தந்தை சுந்தர சோழன் பெயரால் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை வைத்தவர்.

அவ்வளவு பெரிய அரசன், "அக்கா" என்று நாம் வீட்டில் கூப்பிடுகிற அதே சொல்லைக் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். வீரமாதேவியின் உடன்பிறந்தவன் அவர் இறந்த பிறகு தண்ணீர் வைத்தான். ராஜராஜன் தன் அக்கா இருக்கும்போதே எழுதச் சொன்னான். இரண்டு பேருமே உடன்பிறந்தவர்கள்தான். நான் இவர்களில் யாரைப் போல இருக்கப் போகிறேன் என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று யோசித்தேன்.

எனக்குக் கல் இல்லை, இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன்:

என் அக்காவுக்குப் படிப்பு ஏறாமல் போகவில்லை. 1957இல் எட்டாம் வகுப்பில் கணக்கில் 98 மதிப்பெண் வாங்கியவர் அவர். அவரைக் கேட்காமலே நிறுத்தினார்கள். அவர் நின்றதால் நான் போனேன். நான் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து இன்று வாங்கும் ஓய்வூதியம் வரை அக்கன் கொடுத்தவை. நான் கல்யாண வீடுகளில் சொன்னது பொய். தெரியாமல் சொன்னேன் என்பது சமாதானம் ஆகாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதை எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா அப்பாவைத் திட்டி எழுதாதே. அவருக்கும் யாரும் சொல்லித் தரலை" என்றார். அதையும் அப்படியே எழுதிவிட்டேன். அவர் குரலில் நான் எதையும் வெட்டக் கூடாது.

மாணவர்களே, உங்களுக்கு நான் கொடுக்கும் கடைசி வீட்டுப்பாடம் இது. பரீட்சை கிடையாது. இன்று இரவு உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ பாட்டியிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்போ நீ என்ன சொன்னே?" பதில் வரும்வரை காத்திருங்கள். எனக்குப் பதில் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த நிமிஷத்துக்கு நான் அறுபத்தெட்டு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

பேரனுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அமைந்ததும் சொல்கிறேன். கல்யாணத்தில் எல்லோரும் சந்திப்போம். மொய்க் கணக்கு எழுத அக்காவைத்தான் உட்கார வைக்கப் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்