சாரிட்டியா, லவ்வா? ஒரு சொல்லுக்காக எழுந்த வழக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு திருமணத் திருப்பலி. மணமகனின் உறவினர் ஒருவர் தம் தாத்தாவின் பழைய ஆங்கில விவிலியத்தைக் கொண்டுவந்து, கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தை வாசித்தார். அன்பைப் பற்றிய அந்த அதிகாரத்தில் 'லவ்' என்ற சொல்லே வரவில்லை. வந்த இடமெல்லாம் 'சாரிட்டி'தான். திருப்பலி முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஃபாதர், கல்யாணத்துல எதுக்கு டொனேஷன் பத்தின வாசகம்?" என்று கேட்டாள்.

கேட்டவுடன் சிரித்துவிட்டேன். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இதே சொல்லை வைத்து இரண்டு பெரிய மனிதர்கள் பக்கம் பக்கமாக வாதாடினார்கள்.

புனித பவுல் கிரேக்கத்தில் எழுதிய சொல் 'அகாப்பே'. அன்பைச் சொல்லக் கிரேக்கரிடம் பல சொற்கள் இருந்தன. நட்புக்குப் 'பிலியா', காதல் வேட்கைக்கு 'ஈரோஸ்', குடும்பப் பாசத்துக்கு 'ஸ்டோர்கே'. ஆங்கிலத்து 'லவ்' இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக்கொள்கிறது. அம்மாவையும் லவ், காதலியையும் லவ், ஐஸ்கிரீமையும் லவ். இலத்தீன் விவிலியம் பவுலின் அகாப்பேயை அந்த அதிகாரத்தில் 'காரித்தாஸ்' என்றது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் சாரிட்டி.

1526இல் வில்லியம் டிண்டேல், கிரேக்கத்திலிருந்து நேரடியாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டார். அகாப்பே வந்த இடத்தில் லவ் என்று வைத்தார். பிரதிகள் கப்பலில் ஒளித்து இங்கிலாந்துக்குப் போயின. இலண்டன் ஆயர் அவற்றை வாங்கித் தீயிலிட்டார். 1529இல் தாமஸ் மூர் டிண்டேலுக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். அதில் அவர் குறிப்பாகக் குறை சொன்னவை மூன்று சொற்கள். குருவை 'மூத்தவர்' என்றும், திருச்சபையை 'கூட்டம்' என்றும், சாரிட்டியை லவ் என்றும் மாற்றியது ஏன் என்று கேட்டார். முதல் இரண்டும் குருத்துவத்தையும் திருச்சபையின் அதிகாரத்தையும் அசைக்கும் சொற்கள். மூரின் கோபம் அங்கேதான் சூடாக இருந்தது. டிண்டேலும் சளைத்தவர் அல்லர். உங்கள் நண்பர் எராஸ்முஸும் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'கூட்டம்' என்றுதானே எழுதினார், அவர்மேல் ஏன் பாயவில்லை என்று திருப்பிக் கேட்டார்.

மூன்றாவது சொல்லில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. லவ் நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவானது, சாரிட்டியோ தூய அன்பை மட்டும் குறிப்பது என்றார் மூர். சாரிட்டி என்றால் ஊரார் பிச்சை என்றும் பொறுமை என்றும்கூடப் புரிந்துகொள்கிறார்கள் என்றார் டிண்டேல். அவருடைய இன்னொரு வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: கடவுளைச் 'சாரிட்டி செய்' என்று யாராவது சொல்வார்களா? லவ் செய் என்றுதானே சொல்வார்கள்?

மூர் நம் புனிதர். என்றாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் அரசின் லார்ட் சான்சலராக இருந்த காலத்தில் மாற்றுக் கொள்கையினர் எரிக்கப்பட்டார்கள். அதை அவர் சரி என்றே வாதிட்டார். பிறகு அவர் கழுத்துக்கே கோடரி வந்தது. 1535 ஜூலை 6 அன்று எட்டாம் ஹென்றி மன்னர் அவர் தலையை வெட்டச் செய்தார். மறு ஆண்டு பிரசெல்சு அருகே வில்வோர்டில் டிண்டேலின் கழுத்தை நெரித்து உடலை எரித்தார்கள். அன்பை எந்தச் சொல்லால் எழுதுவது என்று சண்டையிட்ட இருவரும் படுக்கையில் சாகவில்லை.

சொல்லின் கதை அதோடு முடியவில்லை. 1582இல் ரெய்ம்ஸில் வெளியான நம் ஆங்கிலப் புதிய ஏற்பாடு சாரிட்டியை வைத்துக்கொண்டது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் டிண்டேலின் உழைப்பை ஏராளமாக எடுத்துக்கொண்ட 1611ஆம் ஆண்டு சீர்திருத்தச் சபையினரின் விவிலியமும் இந்த அதிகாரத்தில் சாரிட்டி என்றே எழுதியது! 1881இல்தான் அவர்களுடைய திருத்திய பதிப்பு லவ்வுக்குத் திரும்பியது. 1966இல் கத்தோலிக்கரின் ஜெருசலேம் விவிலியமும் லவ் என்றது. மூரின் திருச்சபையே டிண்டேலின் சொல்லை ஏற்றுக்கொள்ள நாலு நூற்றாண்டு கடந்தது. அதற்குள் சாரிட்டி, உண்டியலும் ரசீதுமாகச் சுருங்கிப் போயிருந்தது.

அப்படியானால் கிரேக்கம் தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடுமா? நானும் அப்படித்தான் நம்பினேன். யோவான் 21இல் உயிர்த்த ஆண்டவர் இருமுறை அகாப்பேயின் வினைச்சொல்லால் கேட்கிறார், பேதுரு பிலியாவின் வினைச்சொல்லால் பதில் சொல்கிறார், மூன்றாம் முறை ஆண்டவர் பேதுருவின் சொல்லுக்கே இறங்கி வருகிறார் என்று பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அதே யோவான், தந்தை மகனிடம் காட்டும் அன்பை 3ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்லாலும் 5ஆம் அதிகாரத்தில் மற்றதாலும் சொல்கிறார். மனிதர் இருளை விரும்பினர் என்று எழுதும்போதும் அகாப்பேயின் வினைதான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமாரைக் கெடுத்த அம்னோனின் வெறிக்கும் அகாப்பே என்றே பெயர். மூர் லவ்வின்மேல் சொன்ன குற்றச்சாட்டு கிரேக்கச் சொல்லின்மேலும் ஒட்டுகிறது.

அந்த மாணவிக்கு அன்று இவ்வளவும் சொல்ல நேரமில்லை, பந்திக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் புத்தகத்தை வாங்கி, அதே அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தைக் காட்டினேன். உடைமை எல்லாவற்றையும் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தாலும் சாரிட்டி இல்லையென்றால் பயனில்லை என்று பவுல் சொல்லும் இடம் அது. இரண்டுமுறை படித்தாள்.

"அப்போ கொடுக்கிறது இல்லையா ஃபாதர் இது?" என்றாள்.

"அதான்மா, அந்தக் காலத்துல சண்டை போட்டாங்க" என்றேன். புத்தகத்தை மூடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.