கடல் கடந்த குரல்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அன்று கடல் கடந்தது நம்மவர் கைத்திறன். பின்னர் யுத்தத்தால் மக்களே கடல் கடந்தனர்.

1986இல் தாயுடன் இலண்டனிற் தஞ்சம் புகுந்த சிறுமி மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் 2005இல் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் 'அருளர்'. ஈரோஸ் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான தந்தையின் இயக்கப்பெயர் அது. பாடல்களின் முதல் வடிவங்கள் ஒரு சிறு மின்தாளக் கருவியிற் பிறந்தவை.

ஆங்கிலப் பாட்டென்று நாம் இதனை ஒதுக்கலாகாது. அகதியின் குரலையும் சந்தை விலைபேசும் என்பது மெய்யே. ஆயினும் விலைபோனதனால் மட்டும் அக்குரல் பொய்யாகிவிடாது. அதனைக் கேட்போம். 1989 ஆகஸ்டில் இந்தியப் படையினரால் வல்வெட்டித்துறையிற் கொல்லப்பட்ட பொதுமக்களுக்கோ பாட இசைத்தட்டில்லை. அவர்தம் வரலாற்றை எழுதுவது நம் கடன்.