ஒரு கப் மைதா என்றால் எத்தனை கிராம்? போடி ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறது பதில்!

யூடியூபைப் பார்த்து கப் கணக்கில் மைதா அளந்து போட்டும் கேக் கல்லு மாதிரி வந்துவிட்டதா? அடுப்பையோ பேக்கிங் பவுடரையோ குறை சொல்வதற்கு முன் அந்தக் கப்பைக் கொஞ்சம் சந்தேகப்படலாம். கப் என்பது கொள்ளளவு, கிராம் என்பது எடை. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

லிட்டர் வெயிட் என்றால் என்ன?

குரங்கணி மலைச்சரிவுகளிலும், எல்லை தாண்டி இடுக்கியிலும் விளையும் ஏலக்காய்க்குப் போடிதான் பெரிய சந்தை. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்களில் ஒன்று. (ஏலத்துக்கே ஏலம்!) இங்கே காயின் நிறத்தையும் பருமனையும் பார்ப்பதோடு 'லிட்டர் வெயிட்'டும் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி, தலை தட்டி, எடை போட்டால் வருவதுதான் அது.

அக்மார்க் தரப்படி, 7 மி.மீ. எக்ஸ்ட்ரா போல்டு ரகம் லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம் இருக்க வேண்டும். 6 மி.மீ. போல்டு 415 கிராம், 5 மி.மீ. காய் 385, 4 மி.மீ. காய் 350. விதை முற்றி நிறைந்த காய் கனக்கும். முற்றாமல் பறித்த காயில் தோலும் காற்றும்தான் ஜாஸ்தி. பாத்திரம் நிரம்பும், தராசு ஏறாது. சுமார் 5 கிலோ பச்சைக்காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ கிடைக்கும் என்பதால், அவசரப்பட்டுப் பறித்தால் நஷ்டம் விவசாயிக்கே.

இதே காயை 240 மி.லி. கப்பில் அளந்தால் முதல் ரகம் 104 கிராம், கடைசி ரகம் 84 கிராம். ஒரே கப், 20 கிராம் வித்தியாசம்.

மாவிலும் அதே கதைதான்

மைதாவை ஸ்பூனால் அள்ளி, கப்பில் லேசாகப் போட்டு, தலை தட்டினால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 140, 150 கூட வரும். மூன்று கப் கேட்கும் ரெசிபியில் கூடுதலாக 60 கிராமுக்கு மேல் மாவு போய்விடும். கேக் வறண்டு போவது இதனால்தான். 'சலித்த மாவு ஒரு கப்' என்பதும் 'ஒரு கப் மாவைச் சலித்து' என்பதும் ஒன்றல்ல. சலித்தால் காற்று புகுந்து மாவு பொங்கும், அதனால் கப்பில் குறைவாகத்தான் பிடிக்கும்.

மற்ற பொருட்களுக்கு மைதா கணக்கு உதவாது. ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், வெண்ணெய் 227, தண்ணீர் 240.

கப்பிலும் குழப்பம் உண்டு. அமெரிக்க கப் 237 மி.லி., ஆஸ்திரேலிய கப் 250. எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான், அதை பேக்கிங்குக்கு எடுக்கவே கூடாது.

வீட்டில் தராசு இல்லையா?

பிரிக்காத அரை கிலோ மைதா பாக்கெட் ஒன்று போதும். ஸ்பூனால் அள்ளி உங்கள் கப்பில் அளந்துகொண்டே வாருங்கள். சரியாக 4 கப் வந்தால் உங்கள் கப் 125 கிராம். மூன்றரைதான் வந்தால் சுமார் 143 கிராம். கப் பெரிதாக இருக்கலாம், இல்லை அழுத்தி அள்ளியிருக்கலாம். கிடைத்த எண்ணை கப்பின் அடியிலேயே எழுதி ஒட்டிவிடலாம். மாவு பிராண்டை மாற்றினால் மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது.

தராசு வாங்குவதாக இருந்தால், பாத்திரத்தை வைத்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் 'டேர்' பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கேக்கில் போடும் ஏலக்காய்த்தூளுக்கு அந்தத் தராசு சரிவராது. அரை டீஸ்பூன் தூள் ஒரு கிராம்தான் இருக்கும், சாதாரண சமையலறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. அதற்கு ஸ்பூனே போதும்.