உலர்துறையும் உழைத்தோர் மொழியும்

துறை என்னும் சொல் தமிழில் நீர்நிலையில் இறங்கும் இடத்தைக் குறிக்கும். கலங்கள் வந்து அணையும் இடத்தையும் குறிக்கும். பருத்தித்துறை, காங்கேசன்துறை முதலிய ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று. கப்பலைத் தரையில் இருத்திப் பழுதுபார்க்கும் இடத்திற்கு ‘உலர்துறை’ என்னும் பெயர் அவ்வழியே அமைந்தது. சிங்கப்பூரின் வடகரையில், செம்பவாங்கில் உள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை அத்தகையது.

முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு இங்குக் கடற்படைத் தளம் அமைக்க முடிவு செய்தது. அதன் பகுதியாக எழுந்த இவ்வுலர்துறையை ஆளுநர் சர் ஷென்டன் தாமஸ் 1938 பிப்ரவரி 14 அன்று திறந்துவைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 1,000 அடி. நான்கு ஆண்டுகள் கடந்த மறுநாள், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. போருக்குப் பின் தளம் பிரிட்டிஷாரிடம் மீண்டது. 1968இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனம் உருவாயிற்று. அண்மைக் காலத்தில் பழுதுபார்ப்புப் பணிகள் துவாஸுக்கு இடம்பெயர்ந்துள்ளன.

இத்துறை இயங்கும் முறை எளியது. நீர் நிறைந்த துறைக்குள் கப்பல் நுழைந்ததும் வாயில் அடைக்கப்படும், நீர் இறைக்கப்படும், கப்பல் அடியில் உள்ள கட்டைகளின்மேல் மெல்ல அமரும். பின்னர் தொழிலாளர் அடிப்புறத்தைச் சுரண்டி, பழுது நீக்கி, வண்ணம் பூசுவர். ஆங்கிலத்தில் இதனை ‘கிரேவிங் டாக்’ என்பர். கப்பலின் அடியில் படிந்தவற்றை எரித்தும் சுரண்டியும் அகற்றித் தார் பூசும் பழந்தொழிலே ‘கிரேவிங்’. அத்தொழிலாளரின் சொல் துறையின் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

செம்பவாங்கில் உழைத்தோருள் தமிழரும் மலையாளிகளும் பலர். சீனரும் மலாய்க்காரரும் உடன் உழைத்த இடத்தில் மொழிகள் தனித்து நிற்பதில்லை. மலாய் மொழியின் ‘காப்பால்’ நம் ‘கப்பல்’ என்னும் சொல்லிலிருந்து சென்றதே. கடல் வணிகர் வழியே சென்ற அச்சொல் அகராதியில் இடம்பெற்றுவிட்டது. பட்டறையில் நாள்தோறும் புழங்கிய சொற்களுக்கோ அந்த வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

துறையின் அளவும் திறந்துவைத்த நாளும் ஆவணங்களில் உள்ளன. கப்பலைத் தாங்கிய கட்டையை, சாரத்தை, வாயிலை, வேலைநேரச் சங்கொலியை நம்மவர் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதை அறிய அவர்களையே கேட்க வேண்டும். அங்குப் பணியாற்றியோர் இன்று முதியோர். கற்சுவரைப் பேணப் பொறியாளர் உளர். பேச்சைப் பேணுவதற்குக் கேட்கும் செவியும் எழுதும் கையும் வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பணியை மாணவர்க்கு ஒப்படைப்பாகத் தரலாம். மாணவர்கள் தாத்தா பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் ஒலித்தவாறே எழுதுக. செந்தமிழாக்க முற்பட வேண்டா. ‘டாக்’ என்று அவர்கள் சொன்னால் ‘டாக்’ என்றே பதிவு செய்க. ‘உலர்துறை’ நூலுக்கு உரிய சொல். அவர்கள் சொன்னது வரலாற்றுக்கு உரிய சொல். இரண்டும் தமிழுக்கு வேண்டும்.