ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் கொங்குத் தொழிலாளரும்

வீரபாண்டியில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் எவருக்கும் ஈ.எஸ்.ஐ. என்ற சொல் தெரியும். சம்பளச் சீட்டில் அது ஒரு பிடித்தம். காய்ச்சல் வந்தால் ஒரு மருந்தகம், பிரசவம் என்றால் 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் என்பது அதன் முழுப்பெயர்.

பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையே இதன் அடிப்படை. 1948 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. இரண்டும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள், வளர்ப்புதான் வேறு. அங்கே பெரும்பாலும் வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம். இங்கே சம்பளப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் செய்தி அதனால்தான் விளங்கும்.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழகத்தில் முதலில் வந்தது சென்னைக்கு அன்று. பஞ்சாலைகள் நிறைந்த கோவைக்கு, 1955 ஜனவரி 23-இல்.

2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்துகின்றனர். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி பங்கு 90 ரூபாய், முதலாளி பங்கு 390 ரூபாய். மாநில அரசு நடத்தும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைச் செலவில் எட்டில் ஏழு பங்கைக் காப்பீட்டுக் கழகமும் ஒரு பங்கை மாநிலமும் ஏற்கின்றன. ஆகவே இது யாரும் போடும் தர்மம் அன்று.

2015 தொடக்கத்தில் ஒரு சோதனை வந்தது. மருத்துவக் கல்வி தன் முதன்மைப் பணி அன்று எனக் கூறி, மருத்துவக் கல்லூரிகளிலிருந்து விலகக் காப்பீட்டுக் கழகம் முடிவெடுத்தது. சென்னை கே.கே.நகர் உட்படப் பல ஊர்களில் மாணவர்கள் போராடினர். பெற்றோரும் உடன் நின்றனர். கோவை சிங்காநல்லூர்ப் பகுதியில் கல்லூரிக்கென எழுப்பிய கட்டடத்தைத் தமிழக அரசு ஏற்றது. 2016-இல் அது அரசு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அதனோடு இணைந்து இயங்குகிறது. கே.கே.நகர் கல்லூரி இன்றும் கழகத்திடமே இருக்கிறது.

அந்த நாள்களில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இதைப் பற்றிப் பேச்சு எழவே இல்லை. பணம் தொழிலாளியுடையது, குரல் மட்டும் மாணவருடையது. ஏன்? பத்துப் பேருக்குக் குறைந்த ஜாப் ஒர்க் கூடங்களைச் சட்டம் தொடுவதில்லை. பீஸ் ரேட்டில் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் நிலைப்பதில்லை. தன்னைச் சேர்க்காத மருத்துவமனைக்காக ஒருவர் எப்படித் தெருவில் இறங்குவார்?

பள்ளியில் விண்ணப்பம் நிரப்பும்போது மாணவி ஒருத்தியின் தாயாரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று கேட்டேன். ஓவர்லாக் தைப்பவர். "புடித்தம் வேண்டாம், முழுசாக் குடுங்கன்னு நானே சொல்லிட்டனுங்க சார்" என்றார். அடுத்த ஆண்டு விரலில் ஊசி ஏறிச் சீழ் பிடித்தது. தனியார் மருத்துவரிடம் கடன் வாங்கிச் செலவு செய்தார். வேலைக்குப் போகாத நாள்களுக்குக் கூலியும் இல்லை. அட்டை இருந்திருந்தால் மருந்தும் கிடைத்திருக்கும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஊதியத்தில் ஒரு பகுதியும் கிடைத்திருக்கும். அந்தத் தாயாரை நான் குறை சொல்லமாட்டேன். அட்டையால் என்ன கிடைக்கும் என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

திருப்பூருக்கென ஓர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுவந்தன. 100 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரி 10 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்கு முன்பெல்லாம் பெரிய நோய் என்றால் நோயாளியை அழைத்துக்கொண்டு கோவைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். கூடப் போகிறவருக்கும் அன்றைய ஷிப்ட் கூலி போய்விடும்.