சீம்பாலும் சில ஆயிரம் ரூபாயும்

பொதட்டூர்பேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு இது. சிற்றிதழ்களில் தொடங்கியது எப்படியோ சுற்றி வளைத்து மகப்பேற்று உதவித் தொகையில் வந்து நின்றது. 'அரசாங்கம் பணம் கொடுக்கிறது, இவர்கள் போய்ப் பவுடர் டின் வாங்குகிறார்கள். பணம் இல்லாத காலத்தில் எல்லாரும் தாய்ப்பால்தானே கொடுத்தார்கள்?' என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர். படித்தவர், இரக்கமுள்ளவரும் கூட. யாரும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. மறுத்திருந்தாலும் சரியாகக் காதில் விழுந்திருக்காது. ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கூற்று நம்மை விடவில்லை. அதில் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பழங்காலத்தில் எல்லாத் தாய்மாரும் தம் பிள்ளைக்குத் தாமே பால் கொடுத்தனர் என்பது. மற்றொன்று, அரசின் பணம் தாயின் முலைக்கும் சேயின் வாய்க்கும் நடுவே வந்து நிற்கிறது என்பது. இரண்டையும் சற்று ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் நம்பிக்கையை உடைக்கத் தமிழாசிரியருக்கு வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. அக இலக்கியத்தில் தலைவிக்கு இரண்டு தாயர் உண்டு. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தொல்காப்பியம் இவ்விருவருக்கும் தனித்தனியே கூற்று வகுத்திருக்கிறது. பாலூட்டும் தாய், நீராட்டும் தாய், கைத்தாய் என்று ஐவகைத் தாயரை எண்ணும் மரபும் நம்மிடம் இருந்தது. செல்வர் மனையில் பாலூட்டுவது ஒருத்தியின் வேலையாகவே இருந்தது என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. அவள் ஈன்ற பிள்ளை எதைக் குடித்தது என்று எந்தத் துறையும் பேசுவதில்லை. பாட்டிலே அவளுக்குக் கூற்று உண்டு, அவள் பிள்ளைக்கு இல்லை. (இன்று மருத்துவமனையில் வெள்ளுடை அணிந்து நிற்பவரைச் 'செவிலியர்' என்கிறோம். சொல் பழையதிலிருந்து புதியதற்கு வந்த வழியை யாராவது விரிவாக எழுதவேண்டும்.)

எளியவர் வீடுகளிலும் பிறந்தவுடன் தாய்ப்பால் என்பது வழக்கமாக இருந்ததில்லை. முதலில் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, குடும்பத்தில் நல்ல குணமுடைய பெரியவர் விரலால் நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. தெருவில் கழுதைப்பால் கொண்டு வருவார்கள். ஒரு சங்கு புகட்டினால் குரல் நன்றாக வரும், நோய் அண்டாது என்பார்கள். மஞ்சள் நிறத்தில் முதலில் சுரக்கும் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் ஏராளம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பொதட்டூர்பேட்டைப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகிற ஊர்கள். பசு ஈன்றால் அதன் சீம்பாலை வெல்லம் சேர்த்துக் கட்டியாக்கி 'ஜுன்னு' என்று ஆசையாகத் தின்போம், அண்டை வீட்டுக்கும் கொடுத்தனுப்புவோம். மாட்டின் சீம்பால் பண்டம், மனுஷியின் சீம்பால் குப்பை. பாலாடை மட்டும் நம் மரபின் நல்ல எச்சம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட அந்தச் சின்னக் கிண்ணம் போதும் என்று கண்டு, மருத்துவ ஆய்விதழ்கள் அதன் தமிழ்ப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஆக, பவுடர் டின் வருவதற்கு முன்னரே முதல் மணி நேரம் சேனைக்கும், முதல் மூன்று நாள் பிறர் அறிவுரைக்கும் போயிருந்தது. டின் பிறகு வந்தது. ஐம்பதுகளில் யுனிசெஃப் அனுப்பிய பால்பவுடர் தாய்சேய் நல நிலையங்கள் வழியே ஏழைகளின் வீட்டுக்குள் நுழைந்தது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறை இந்தியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, அறுபதுகளில் அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நாளில் அது தேசியச் சாதனை. இறக்குமதி டின்னுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளையை 'அமுல் பேபி' என்று கொஞ்சும் வழக்கம் தமிழில் இன்றும் இருக்கிறது. ஒரு வணிகப் பெயர் கொஞ்சுமொழியாக மாறுவது என்பது விளம்பரத்தால் மட்டும் நடக்கிற காரியமில்லை. உடல்நலத்தின் உருவமே டின்னின் மேல் அச்சிட்ட படமாகிவிட்டது என்று பொருள்.

இதன் ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். இனிப்பூட்டிய டின்பாலைக் கொடுத்து மடிந்த குழந்தைகளைப் பற்றிய பேச்சு அது. நம்மவர்கள் திரளாகக் கூலிக்குப் போயிருந்த மலாயாவும் சிங்கப்பூருமே அவர் கண்ட களம் என்பதை இங்கே நினைவு கொள்ளலாம். 1977-ல் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார அமைப்பு தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992-ல் சட்டமே இயற்றியது. 2003-ல் அதை இறுக்கியது. டின்னையும் புட்டியையும் விளம்பரம் செய்யவோ, தாய்க்கு இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. உலகில் இவ்வளவு கண்டிப்பான சட்டமுள்ள நாடுகள் அதிகமில்லை.

சட்டம் கையைத் தடுத்தது. ஆனால் தாய்க்கு நேரம் யார் கொடுப்பது? சென்னை மாகாணத்தில் மகப்பேற்று நலச் சட்டம் 1934-லேயே வந்தது. அது ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கானது. 1961-ன் மத்தியச் சட்டம் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பணி நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை கொடுத்தது. 2017-ல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நிரந்தரப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு இது பொருந்தும். ஒப்பந்தக்காரர் வழியே வருபவருக்கு ஏட்டில் பொருந்தும். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், தன் வீட்டிலேயே தார் சுற்றும் பெண்ணுக்கோ முதலாளி யார் என்பதே தெளிவில்லை. நூல் ஒருவருடையது, தறி கணவருடையது, கூலி துணிக்குத்தான். விடுப்பை யாரிடம் கேட்பது?

பொதட்டூர்பேட்டைக்கு அரசு என்பதே இடம் மாறிய ஒன்று. சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து 1953-ல் ஆந்திர மாநிலத்துக்குப் போன பகுதி, ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரலில் திருத்தணியோடு தமிழகத்துக்கு வந்தது. ஒரே தாய் மூத்த பிள்ளையை ஒரு மாநிலத்திலும் இளைய பிள்ளையை வேறொரு மாநிலத்திலும், வீட்டை விட்டு நகராமலே பெற்றிருக்கலாம். இரண்டு மாநிலமும் அந்நாளில் அவள் கையில் காசு எதுவும் வைக்கவில்லை.

காசு வைக்கும் யோசனை பின்னால் வந்தது. அதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைச் சூட்டியது பொருத்தமே. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவம் பயின்று, 1927-ல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர். எண்பதுகளின் பிற்பகுதியில் சில நூறு ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2006-ல் கருணாநிதி அரசால் 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன் கணக்கு அழகானது: மாதம் ஆயிரம் வீதம், பேற்றுக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம். கருவுற்ற பெண் வேலைக்குப் போகாமல் இருந்தால் இழக்கும் கூலிக்கு ஈடு; வயிற்றுக்கு ஊட்டம். நாம் கவனிக்கவேண்டியது 'பின் மூன்று மாதம்' என்பதைத்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார அமைப்பு 2001-லேயே சொல்லிவிட்டது. கணக்கு பாதியில் நின்றுவிட்டது.

2011-ல் ஜெயலலிதா அரசு தொகையை 12,000 ஆக்கி, மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிபந்தனையோடு கட்டியது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு ஒன்று, அரசு மருத்துவமனையில் பேறு நடந்தால் ஒன்று, தடுப்பூசி போட்டு முடித்தால் ஒன்று. 2018-ல் அது 18,000 ஆனது. அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சை, நெய், இரும்புச் சத்து மருந்து, சத்துமாவு என்று பெரும்பாலும் தாய் உண்பதற்கானவை. 2015-ல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள்கள் இருந்தன. கொசுவலை, கிலுகிலுப்பை, சோப்பு, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வரை இருந்தன. பால்புட்டி இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. திண்ணையில் பேசிய நண்பர் இதை அறியாதவர் அல்லர். அரசு டின்னைக் கொடுக்கவில்லை. ஆனால் டின் வேண்டாம் என்பதைத் தவணையில் எழுதவுமில்லை.

எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. 2010-ல் மத்திய அரசு 52 மாவட்டங்களில் இந்திரா காந்தி மாத்ருத்வ சகயோக் யோஜனாவை முன்னோட்டமாக நடத்தியது. அதன் கடைசித் தவணை, குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தால் வழங்கப்படும். யார் போய்ப் பார்ப்பது? நள்ளிரவில் மாமியார் ஒரு சங்கு பசும்பால் புகட்டியதை அங்கன்வாடிப் பணியாளர் எப்படி அறிவார்? 2017-ல் அதன் இடத்தில் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் வந்தபோது அந்த நிபந்தனை போய்விட்டது. பதிவு, பரிசோதனை, தடுப்பூசி இவை நின்றன. அளக்கக் கூடியதை வைத்துக்கொண்டு அளக்கமுடியாததை விட்டுவிட்டார்கள் என்று நாம் இதைப் படிக்கிறோம். குறை சொல்வதற்கில்லை. பால் கொடுக்காத தாயைத் தண்டிக்கும் திட்டம், சுரப்பு நின்றுபோன தாயையும் தண்டிக்கும்.

உதவியின் உருவம் ஊட்டும் வழக்கத்தை மாற்றும் என்பதற்கு அமெரிக்கா பெரிய சான்று. எழுபதுகளின் தொடக்கத்தில் ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமாக அங்கே தொடங்கிய விக் என்ற திட்டம் பவுடர் பாலையே இலவசமாகக் கொடுத்தது. அந்நாட்டில் விற்கும் குழந்தைப் பால்பவுடரில் ஏறத்தாழப் பாதி அத்திட்டத்தின் வழியே போயிற்று. திட்டத்தில் இருந்த தாய்மார் மற்றவர்களைவிடக் குறைவாகவே பாலூட்டினர். அது திட்டத்தால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். 2009-ல் முழுமையாகப் பாலூட்டும் தாய்க்கு உணவுப் பொருள் கூடுதலாகத் தரும்படி மாற்றினார்கள். அதனால் பாலூட்டத் தொடங்குவோர் தொகை உடனே பாய்ந்து உயர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் பாலூட்டுவது அரிதாகிவிட்ட சில பகுதிகளில், பாலூட்டும் தாய்க்கு 200 பவுண்டு வரை கடைச் சீட்டுக் கொடுத்துப் பார்த்தனர். 2017-ல் வெளியான முடிவின்படி, ஆறு முதல் எட்டு வாரத்தில் பாலூட்டியவர்கள் சீட்டு இல்லாத இடங்களில் 31.7 விழுக்காடு, சீட்டு இருந்த இடங்களில் 37.9. பணத்துக்கு ஆற்றல் உண்டு. ஆனால் நாம் நினைக்கும் அளவு இல்லை.

இனி நம் மாநிலத்தின் எண்கள். பணத்தைப் பேறு நடக்கும் இடத்தோடு கட்டியதும் ஒரு காரணமாக, தமிழகத்தில் வீட்டுப் பேறு ஏறக்குறைய இல்லாமலாயிற்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பேறு 99 விழுக்காட்டுக்கும் மேல். இது சாதாரணச் செய்தியன்று. எத்தனையோ தாய்மார் உயிரோடு இருப்பதன் கணக்கு அது. அதே கணக்கெடுப்பில் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் பெற்ற குழந்தைகள் 60.2 விழுக்காடு. ஆறு மாதத்துக்குட்பட்டவர்களில் தாய்ப்பால் மட்டுமே அருந்தியவர்கள் 55.1 விழுக்காடு, இந்திய அளவில் 63.7. எல்லாத் திட்டத்திலும் முன்னே நிற்கும் தமிழகம் இதில் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்கிறது. ஏன் என்பதன் ஒரு பகுதி அடுத்த எண்ணில் இருக்கிறது: அறுவைப் பேறு 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளிடம் முதல் மணி நேரத்தில் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கை வேறொரு படுக்கையருகே இருக்கும்போது, சேனைக்குப் பதில் பவுடர் வருகிறது.

எனவே பணம் கெடுத்தது என்ற கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பணம் எதைக் கேட்டதோ அதைப் பெற்றது. பால் கேட்கவில்லை, பால் வரவில்லை. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வேறு வழியில் போயிற்று. அதில் தாயின் கையில் காசு இல்லை. அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்தியையே பணியாளராக்கி, மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, தாயோடு பேசவைத்தார்கள். நிறுவை முடிந்ததும் பேசுவதற்கு ஒருத்தி இருந்தாள் என்பதே அதில் நமக்குப் பெரிதாகப்படுகிறது.

அடுத்த முறை பொதட்டூர்பேட்டை போனபோது நண்பரின் அண்டை வீட்டில், அவர் மனைவியை உடன் வைத்துக்கொண்டு, ஐந்து மாதக் குழந்தையின் தாயிடம் பேசினோம். தார் சுற்றியபடியே பேசினார். தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கால் விரலில் இருந்தது.

'பணம் வந்துது சார். நூல்காரருக்குக் கொஞ்சம், எங்க ஆயா வைத்தியத்துக்குக் கொஞ்சம்.'

பவுடர் வாங்கினீர்களா என்றோம்.

'டின்னு என்ன வெலை விக்குது! பசும்பால்தான். தண்ணி கலந்து, மூணாம் மாசத்துலேருந்து. எனக்குப் பால் பத்தலன்னு அத்தை சொன்னாங்க.'

பற்றாது என்று எப்படித் தெரிந்தது?

'அழுதுனே இருந்தான்.' சற்று நிறுத்தினார். 'பாவு முடியிற நேரம். நானும் எழுந்து எழுந்து போவல.'

குழந்தை விழித்துக்கொண்டது. கயிற்றைக் காலிலிருந்து கழற்றிவிட்டு, உள்ளே தறியை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.