ஒரே இயந்திரம், பல முதலாளிகள்: மெயின்ஃபிரேம் பயனர் குழுக்களின் வரலாறு, நெய்வேலியிலிருந்து ஒரு பார்வை

மெயின்ஃபிரேம் கணினிகளின் வரலாற்றில் இயந்திரத்தின் எண்ணும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த இயந்திரத்தை அன்றாடம் ஓட வைத்தவர்களைப் பற்றிய குறிப்பு அரிது. அவர்களை அத்துறையில் சிஸ்டம்ஸ் புரோகிராமர் என்பார்கள். சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்குக்கும் நிரல் எழுதுவோர் வேறு ஆட்கள். அந்த நிரல்கள் ஓடுவதற்கு வேண்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நிறுவுவது, தயாரிப்பாளர் அனுப்பும் திருத்தங்களை ஏற்றுவது, கணினி நின்றுபோனால் நினைவகத்தின் முழு நகலை அச்செடுத்து வரிவரியாகப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது ஆகியவை சிஸ்டம்ஸ் புரோகிராமரின் வேலை. ஒரு நிறுவனத்தில் இப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து மேஜையில் ஆள் இருக்காது. அதனால் பக்கத்து நிறுவனத்தில் கேட்டார்கள். பயனர் குழு என்ற அமைப்பு பிறந்தது அங்கிருந்துதான்.

அது எப்படிப் பிறந்தது, இந்தியாவுக்கு வந்தபோது ஏன் வேறு உருவம் எடுத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நிலக்கரிச் சுரங்க நகரான நெய்வேலியை இதற்குப் பார்வை மேடையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அயல்நாட்டு இயந்திரமும் உள்ளூர் அறிவும் மோதிக்கொண்ட இடங்களில் தமிழ்நாட்டில் அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

தொடக்கம் லாஸ் ஏஞ்சலிஸ். 1950களில் அந்நகரைச் சுற்றி விமானக் கம்பெனிகள் நெருக்கமாக இருந்தன: லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன், டக்ளஸ். ஒன்றுக்கொன்று கடும் போட்டி. ஆனால் எல்லோரிடமும் இருந்தது ஒரே கணினி, ஐபிஎம் 701. உலகிலேயே மொத்தம் 19 மட்டும் செய்யப்பட்ட இயந்திரம் அது. அதை வைத்திருந்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அசெம்பிளர் எழுதியது. சைன் மதிப்புக்கும் வர்க்கமூலத்துக்கும் தனித்தனியாக நிரல் எழுதியது. அடுத்த இயந்திரமான 704 வரப்போகிறது என்று தெரிந்ததும், இத்தனை வேலையையும் ஆளாளுக்கு மறுபடி செய்யப்போகிறோமா என்ற கேள்வி எழுந்தது. 1955 ஆகஸ்டில் சாண்டா மோனிகாவில் உள்ள ராண்ட் நிறுவனத்தில் கூடி ‘ஷேர்’ என்ற குழுவை அமைத்தார்கள்.

போட்டிக் கம்பெனிகள் தங்கள் உழைப்பைப் பகிர்ந்துகொண்டது வியப்பாகத் தோன்றலாம். விமானத்தின் இறக்கை வடிவம் வியாபார ரகசியம். வர்க்கமூலம் காணும் நிரல் அப்படியல்ல. எது ரகசியம், எது பொது என்று கோடு கிழிக்கத் தெரிந்ததே ஷேரின் முதல் சாதனை என்பேன். அதன் பலன் உடனே தெரிந்தது. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கனும் சேர்ந்து 704க்காக ஒரு கண்காணிப்பு நிரலை உருவாக்கின. நடைமுறையில் ஓடிய முதல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுவது அதைத்தான். அதைத் தயாரித்தவர்கள் கணினி விற்றவர்கள் அல்லர், வாங்கியவர்கள். உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த நிரல்களைப் படியெடுத்து மற்றவர்களுக்கு அனுப்பும் செலவை ஐபிஎம் ஏற்றுக்கொண்டது. கணினி விற்க அது உதவும் என்ற கணக்கு அதற்கு இருந்தது. வணிக நிறுவனங்களுக்கு 1956இல் ‘கைட்’ என்ற குழு தனியே அமைந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கணினிகளை வைத்திருந்தவர்களுக்கு 1961இல் ‘டெக்கஸ்’.

ஷேர் கூட்டங்களின் மாலை நேரக் கூடுகைகளும் பாட்டுப் புத்தகமும் இன்றுவரை பேசப்படுகின்றன. இவற்றைக் கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு திருத்தத்தை ஏற்றினால் கணினி விழுந்துவிடுகிறது என்பதை நிறுவனத்தின் பெயரோடு எழுத்தில் தர எவரும் தயங்குவார்கள். கையில் கோப்பையோடு நிற்கும்போது சொல்லிவிடுவார்கள்.

ஆண்டுக்கு ஓரிரு முறை கூடும் பெரிய மாநாடு அன்றாடத் தேவைக்குப் போதாது. எனவே நகரந்தோறும் மாதக் கூட்டங்கள் தோன்றின. 1986இல் மில்வாக்கியில் தொடங்கிய ‘நாஸ்பா’ என்ற சிஸ்டம்ஸ் புரோகிராமர் சங்கம் இதற்கு நாடளாவிய வடிவம் தந்து உள்ளூர்க் கிளைகளை அமைத்தது. இத்தகைய கிளைகளின் மாத நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தது. உறுப்பினர் ஒருவருடைய நிறுவனத்தின் கூட்ட அறை. சாப்பாட்டுச் செலவை ஏற்கும் ஒரு மென்பொருள் விற்பனையாளர். அதற்கு ஈடாக அவருக்கு அரை மணி நேரப் பேச்சு. பிறகு புதிய பதிப்புக்கு மாறியவரின் அனுபவம், எந்தத் திருத்தத்தைத் தொடவே கூடாது என்ற எச்சரிக்கை, யாருக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு. விற்பனையாளர் பேச்சை யாரும் உன்னிப்பாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்த பின் வாகனம் நிறுத்துமிடத்தில் நடந்த உரையாடலுக்குத்தான் எல்லோரும் வந்திருப்பார்கள்.

இந்தக் காட்சி சாத்தியமாக மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஒரே வகை இயந்திரம் பல நிறுவனங்களிடம் இருக்க வேண்டும். அந்த நிறுவனங்கள் ஒரு மாலையில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரல் திறந்து படிக்கக் கிடைக்க வேண்டும். இம்மூன்றையும் வைத்துக்கொண்டு நெய்வேலி இருந்த தென்னார்க்காட்டுப் பக்கம் திரும்பலாம்.

ஷேர் தோன்றிய மறு ஆண்டு, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. சுரங்கத்தில் மண்ணை வெட்ட வந்தவை மேற்கு ஜெர்மனியின் பிரம்மாண்டமான பக்கெட் வீல் இயந்திரங்கள். அவை ஜெர்மனியின் மென்மையான மண்ணுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே மேலே கிடந்தது கடலூர் மணற்கல். வெட்டும் பற்கள் சீக்கிரமே தேய்ந்தன. முதலில் துளையிட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, பிறகு இயந்திரத்தை ஏவும் முறை இங்கே வழக்கமாயிற்று. படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நின்ற நீரை இடைவிடாது இறைத்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. தயாரிப்பாளர் தந்த கையேட்டில் இந்த அறிவு இருந்திருக்க வழியில்லை. ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களுமே அதைச் சேர்த்தார்கள்.

அப்படியானால் பயனர் குழு உருவாகும் மனநிலை நெய்வேலியில் இருந்தது என்றே சொல்லலாம். அதற்கான ஊரமைப்புதான் இல்லை. வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட அந்த நகரியத்தில் வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாமே ஒரே முதலாளியுடையவை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே கார்ப்பரேஷன் ஊழியர். அனுபவம் ஷிப்டு மாறும்போது கைமாறிவிடும். அதற்கென்று சங்கம் வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸில் குழு பிறந்ததற்கு, பக்கத்தில் வசித்தவர் போட்டிக் கம்பெனிக்காரர் என்பதே காரணம். இதே நிலைதான் திருவெறும்பூர் பெல்லுக்கும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும். தமிழ்நாட்டின் பெரிய பொதுத்துறை ஆலைகள் ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர்போல. நெய்வேலியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மாதம் ஒருநாள் மாலையில் போய்த் திரும்பும் தூரமல்ல அது.

இந்தியாவில் முதல் நிபந்தனை ஓரளவு நிறைவேறியிருந்தது. 1961இல் பம்பாய் எஸ்ஸோ நிறுவனத்துக்கு ஐபிஎம் 1401 வந்தது. பிறகு ரயில்வே மண்டலங்களும் ஆலைகளும் அதையே வாடகைக்கு எடுத்தன. பழைய இயந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விட்டதற்காக 1970களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஐபிஎம்மைக் கடுமையாகக் கண்டித்தது வேறு கதை. நமக்கு வேண்டிய செய்தி, 1401இல் சொல்லும்படியான ஆப்பரேட்டிங் சிஸ்டமே கிடையாது என்பதுதான். அட்டைகளை ஏற்றினால் நிரல் நேரே ஓடும். பேணுவதற்கு சிஸ்டம் இல்லாத இடத்தில் சிஸ்டம்ஸ் புரோகிராமர் எங்கிருந்து வருவார்? இயந்திரம் பழுதானால் ஐபிஎம்மின் சொந்தப் பொறியாளர் வந்து பார்த்தார். வாடகைக்கு எடுத்தவருக்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எழவில்லை.

ஆகவே இங்கே உருவான பயனர் குழு வேறு வகையானது. 1960களின் நடுவில் கணினி வைத்திருந்தோரும் ஆர்வலர்களும் ஒரு பயனர் குழுவாகத் திரண்டனர். அதுவே 1965இல் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இந்தியா ஆயிற்று. முதல் தலைவர், சென்னையில் பிறந்து டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன். ஒரு நாட்டின் தொழில்முறைச் சங்கமே பயனர் குழுவிலிருந்து கிளைத்தது பெருமைக்குரியது. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று கைநழுவியது. ஷேர் ஓர் இயந்திரத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. சொசைட்டி ஒரு துறையைச் சுற்றிக் கட்டப்பட்டது. பல வகை இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் கூடும் அவையில் ஒரு குறிப்பிட்ட திருத்தத்தின் எண்ணைச் சொல்லிப் பேச முடியாது. பேச்சு பொதுவாகிறது, கூட்டம் சொற்பொழிவாகிறது. சொசைட்டியின் நகரக் கிளைகளில் வளர்ந்தது இந்தச் சொற்பொழிவு மரபு.

சிஸ்டம்ஸ் புரோகிராமிங் தெரிந்த கூட்டம் தமிழ்நாட்டில் உருவாக வாய்ப்பான இடம் அடையாற்றில் உள்ள சென்னை ஐஐடி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அமைந்த அக்கல்வி நிறுவனத்துக்கு, 1973இல் அதே நாட்டின் உதவியாக ஐபிஎம் 370/155 வந்தது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு எந்திரம் அனுப்பிய நாடு அடையாற்றுக்குக் கணினி அனுப்பியது. முழு அளவிலான ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொண்ட பெரிய இயந்திரம். வெளி நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின. ஆனால் அது ஒற்றை இயந்திரம். வெளியார் அட்டைக் கட்டுகளோடு வந்து அச்சுத்தாளோடு திரும்பிய வாடிக்கையாளர்களே. அதே இயந்திரத்தைத் தம் இடத்தில் பேணியவர்கள் அல்லர். சோவியத் நாட்டார் ஐபிஎம் 360ஐப் பின்பற்றிச் செய்த இசி வரிசைக் கணினிகளும் அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்தன. பம்பாய் ஐஐடிக்கு இசி-1030 வந்தது. ஒரே கட்டளைத் தொகுதி கொண்ட இயந்திரங்கள் இரு முகாம்களிலிருந்தும் ஒரு நாட்டுக்கு வந்தது உலகில் அரிய வாய்ப்பு. அதைச் சுற்றி ஒரு குழு அமைந்திருந்தால் அதன் மாதக் கூட்டங்கள் சுவையாக இருந்திருக்கும்.

1978இல் நிலைமை தலைகீழானது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பங்குகளை 40 சதவீதமாகக் குறைக்க ஐபிஎம் மறுத்து நாட்டைவிட்டு வெளியேறியது. தயாரிப்பாளர் போய்விட்டார், இயந்திரங்கள் இருக்கின்றன. பயனர் குழு பிறக்க இதைவிட நல்ல தருணம் வராது. ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்பியது பயனர்கள் அல்லர், அரசு. 1975இல் உருவாக்கப்பட்டிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிஎம்சி, ஐபிஎம் இயந்திரங்களின் பராமரிப்பை ஏற்றது. ஐபிஎம்மில் இருந்த பொறியாளர்கள் பலர் அதில் சேர்ந்தனர். வேறு சிலர் ஐடிஎம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பல நிறுவனங்களின் இயந்திரங்களைக் கையாண்டதால், எந்த ஊரில் என்ன பழுது, எப்படிச் சரியானது என்ற அனுபவமெல்லாம் சிஎம்சிக்குள் திரண்டது. ஷேர் செய்த வேலையை இங்கே ஓர் அரசு நிறுவனம் சம்பளத்துக்குச் செய்தது. 1986இல் சென்னை உட்படப் பெருநகரங்களின் மெயின்ஃபிரேம்களை இணைத்து ‘இண்டோநெட்’ வலையமைப்பை அதே சிஎம்சி அமைத்ததற்கு இந்த அனுபவத் திரட்சி ஒரு காரணம் எனக் கருதலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இயந்திரங்கள் நிற்காமல் ஓடின. ஆனால் தம் சிக்கலைத் தாமே கூடித் தீர்க்கும் பழக்கம் பயனர்களிடம் வேர்பிடிக்கவில்லை.

மூன்றாவது நிபந்தனை, அதாவது மூல நிரல், அமெரிக்காவிலேயே ஆட்டம் கண்டது. 1969இல் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. 1983 பிப்ரவரியில், இனி மூல நிரல் தருவதில்லை, இயந்திர வடிவம் மட்டுமே தருவோம் என்றது. பயனர் குழுக்கள் கொதித்தன; தீர்மானம் போட்டன; பலனில்லை. அந்த இழப்பைப் பயனர்கள் ஓரளவு ஈடுகட்ட உதவியது, அதற்கு முன்பே இருந்த ‘சிபிடி டேப்’. கனெக்டிகட்டில் ஒரு வங்கியின் சிஸ்டம்ஸ் புரோகிராமர் 1970களில் தொகுக்கத் தொடங்கிய இலவச நிரல்களின் நாடா அது. ஆளாளுக்கு எழுதிய சிறு கருவிகள், திருத்தங்கள், குறிப்புகள் எல்லாம் அதில் சேர்ந்துகொண்டே போயின. தலைமையகமோ சந்தாவோ இல்லாமல், மாதக் கூட்டத்தின் வாகன நிறுத்த உரையாடலை நாடாவில் பதிந்ததுபோல் அது வளர்ந்தது.

தமிழ்நாட்டு இளைஞர்கள் பெருந்திரளாக மெயின்ஃபிரேமைத் தொட்டது 1990களில். 2000ஆம் ஆண்டுச் சிக்கலை ஒட்டி சென்னையின் பயிற்சி நிலையங்களில் கோபோல், ஜேசிஎல், சிக்ஸ் போன்ற மெயின்ஃபிரேம் மொழிகளையும் கருவிகளையும் கற்பவர்கள் பெருகினார்கள். அமெரிக்க வங்கிகளின் இயந்திரங்களைச் சென்னையில் இருந்தபடியே பராமரித்தார்கள். வேலை வந்தது, சங்கம் வரவில்லை. வாடிக்கையாளரின் இயந்திரத்தில் கண்ட பழுதை வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், அடுத்த கட்டடத்துக்காரரோடு தேநீர் குடிக்கும்போது என்ன பகிர்வார்? ஷேர் கிழித்த கோட்டில் பொது என்ற பக்கம் சுருங்கி, எல்லாமே ரகசியத்தின் பக்கம் போயிற்று.

தூரமும் விலையும் இன்று தடையல்ல. 1999இல் வெளிவந்த ‘ஹெர்குலிஸ்’ என்ற திறமூல மென்பொருள், சாதாரண மடிக்கணினியை 370 மெயின்ஃபிரேமாக நடந்துகொள்ள வைக்கிறது. மூல நிரலோடு கிடைக்கும் எம்விஎஸ் 3.8 என்ற ஐபிஎம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அதில் ஏற்றி ஓட்டலாம். அதன் வேலை வரிசையை நிர்வகிக்கும் ஜெஸ்2 என்ற பகுதி, ஹூஸ்டன் விண்வெளி மையத்துக்காக 1960களில் எழுதப்பட்டு ஷேர் உறுப்பினர்களிடையே வளர்ந்த ‘ஹாஸ்ப்’ நிரலின் வாரிசு. சிபிடி டேப் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. நெய்வேலி வட்டம் ஒன்றில் உட்கார்ந்து ஒரு மாணவர் அதைப் பிரித்துப் பார்க்க எவர் அனுமதியும் வேண்டாம். 1973இல் அடையாற்றுக்கு அட்டைக் கட்டோடு போனவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.